பின்வளவுக் கராஜைத் தனி வீடாக்கும் பொதி: படத்துக்கு நல்ல புள்ளி, வரித் தாளுக்கு இல்லை

யாழ்ப்பாணத்தில் கட்டடப் படம் கீறும் கந்தோர்கள் இப்போது ஒரு பொதி விற்கின்றன. பின்வளவில் நிற்பது கராஜோ, பழைய குசினியோ, வெங்காயம் போட்டு வைத்த மாலோ, எதுவானாலும் சரி, தனி வீடாக்கலாம். "படத்திலிருந்து சோலைவரி இலக்கம் வரைக்கும் நாங்கள் பார்த்துத் தருவம், வரி விசயமும் அதுக்குள்ளயே" என்பதுதான் பேச்சு. (சோலைவரி என்பது வீடு வளவுக்காக மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கட்டும் வரி.) மகளுக்கு அதே வளவில் தனிக் குடித்தனம் வைத்துக் கொடுக்க நினைப்போரும், பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருவோரை வாடகைக்கு இருத்த நினைப்போரும் இதை வாங்குகிறார்கள். கந்தோர்களின் பெயரை இங்கே போடவில்லை. பொதி எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், குறைகளும் அப்படியே.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். படமும் அனுமதியும் கொடுத்த காசுக்குப் பெறுமதியான வேலை. "சுவர் இருக்குது, கூரை இருக்குது, உள்ளுக்க தானே மாத்திறம், அனுமதி என்னத்துக்கு" என்று கேட்போர் பலர். 1978 இன் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தில் அனுமதி வேண்டிய அபிவிருத்தி என்பதற்குள் கட்டடத்தின் பாவனையை மாற்றுவதும் அடங்கும். கார் நின்ற இடத்தில் ஆள் படுத்தால் அது பாவனை மாற்றம். ஒரு கல்லும் புதிதாக வைக்காவிட்டாலும் மாற்றம்தான். இதை வாடிக்கையாளருக்கு விளங்க வைத்து, இருக்கும் நிலைக்கு ஒரு படம், வரப்போகும் நிலைக்கு ஒரு படம் என்று இரண்டாகக் கீறி, காணி உறுதிப் பிரதி, சேவையர் பிளான், வீதிக்கோட்டுச் சான்றிதழ், சோலைவரிப் பற்றுச்சீட்டு எல்லாம் ஒரே கோப்பில் கட்டிக் கொடுக்கும் கந்தோர் நல்ல கந்தோர். அனுமதிப் பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், வேலை இழுபட்டால் நீடிப்புக் கேட்க வேண்டும் என்று முதல் நாளே சொல்கிறார்களா என்றும் பாருங்கள்.

படத்தில் எங்கே பிழைக்கும்? முதலில் யன்னலில். குடியிருக்கும் அறையில் வெளிச்சமும் காற்றும் வரும் திறப்பு, தரைப் பரப்பின் ஏழில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதில் பாதி திறந்து மூடக்கூடியதாக இருக்க வேண்டும். 12 அடிக்கு 18 அடிக் கராஜ் என்றால் 216 சதுர அடி. ஏழில் ஒன்று ஏறத்தாழ 31. நாலடிக்கு நாலடி யன்னல் இரண்டு போட்டால் 32, சரி. ஆனால் கராஜ் பின் மதிலோடு ஒட்டிக் கட்டப்பட்டிருந்தால் அந்தப் பக்கம் யன்னலே வைக்க முடியாது. பின்பக்க வெற்றிடமும் இல்லாமல் போகும். இங்கே பழைய மாலும் மாட்டுக்கொட்டிலும் பெரும்பாலும் மூலை மதிலைப் பிடித்தே நிற்கின்றன. ஓடும் பனஞ் சிலாகையும் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், எல்லையில் நிற்கும் சுவரை எந்தப் படமும் நகர்த்தாது. இந்த விசயத்தை வளவைப் பார்க்க வந்த அன்றே சொல்ல வேண்டும். கோப்புத் திரும்பி வந்த பிறகு சொன்னால் படக் கூலி போனதுதான்.

அடுத்தது மலசலகூடக் குழி. தனி வீடு என்றால் தனிக் கழிவறை, அதற்குக் குழி. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். குழியில் விட்டது கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது. கிணற்றிலிருந்து 50 அடி என்பது ஊரில் எல்லாரும் சொல்லும் கணக்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் கிணற்றை மட்டுமல்ல, மதிலுக்கு அங்காலே அயலவரின் கிணற்றையும் பார்ப்பார். படம் கீற வருபவர் மதிலால் எட்டிப் பார்க்காமல் போனால் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு பரப்பு (10 பேர்ச்) வளவில் இந்தத் தூரம் கிடைப்பது அருமை. பழைய வீட்டின் குழியோடு இணைப்பது ஒரு வழி, ஆனால் அதன் கொள்ளளவு இரண்டு குடும்பத்துக்குக் காணுமா என்று கணக்குக் காட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ், அதாவது அனுமதித்த படத்தின்படியே கட்டியிருக்கிறது என்ற சான்றிதழ். அதை எடுக்காமல் குடிபுகுவதுதான் ஊர் வழக்கம். பொதிக்குள் அதையும் சேர்த்திருப்பது இந்தச் சேவையின் பெரிய பலம். பாங் கடன், விற்பனை எல்லாவற்றிலும் நல்ல சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.

இனிச் சோலைவரி. "ரெண்டு வீடெண்டால் சோலைவரி ரெண்டு மடங்கு" என்று சிலர் பயப்படுத்துகிறார்கள். "வரி ஒண்டும் கூடாது" என்று பொதி விற்பவர் சொல்கிறார். இரண்டும் பிழை. சோலைவரி கட்டடத்தின் எண்ணிக்கையில் போடப்படுவதில்லை, ஆண்டுப் பெறுமதியில் போடப்படுகிறது. நியாயமான ஒரு வாடகைக்காரர், திருத்த வேலைச் செலவு வீட்டுக்காரருடையது என்ற நிபந்தனையில், அந்த இடத்துக்கு வருடத்துக்கு என்ன கொடுப்பார் என்ற மதிப்பே ஆண்டுப் பெறுமதி. கராஜாக நின்றபோது அது முன்வீட்டின் பெறுமதிக்குள் ஒரு சிறு பங்கு. தனிக் குசினியும் கழிவறையும் வாசலும் வந்ததும் அது தானாக ஒரு வாடகை வீடு. 45 ஆம் இலக்க வளவென்றால் பின்வீட்டுக்கு 45/1 போல ஓர் உப இலக்கம் விழும். கணக்கு எப்படி மாறும் என்பதற்கு ஓர் உதாரணம்: முன்வீட்டின் ஆண்டுப் பெறுமதி 40,000 ரூபா, சபையின் வீதம் 10 என்று வையுங்கள். வரி 4,000. பின்வீட்டைத் தனியாக 24,000 என்று மதித்தால் அதற்கு 2,400. ஆனால் கராஜ் பிரிந்து போனதால் முன்வீட்டின் 40,000 குறைய வேண்டும் அல்லவா? அதைக் கேட்டால்தான் குறைப்பார்கள். பொதியில் இந்த விண்ணப்பம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இராது. புதிய இலக்கம் எடுத்துத் தந்ததோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது, கராஜுக்கான வரியோ இரண்டு சீட்டிலும் ஏறி நிற்கிறது.

மதிப்பீட்டு அறிவித்தல் கைக்கு வந்தால் அதில் ஆட்சேபணைக்கு ஒரு கடைசித் திகதி இருக்கும். அதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். திகதி கடந்தால் அந்தப் பெறுமதிதான் நிற்கும். மாநகர சபை எல்லைக்குள் ஆட்சேபணையின் முடிவு திருப்தியில்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சட்டம் இடம் தருகிறது. ஆட்சேபணையில் "வரி கூடிப் போச்சு" என்று எழுதிப் பயனில்லை. வாடகையைக் குறைக்கும் காரணங்களை எழுதுங்கள்: வீதி முகப்பு இல்லை, முன்வீட்டின் பக்கத்தால் நாலடி ஒழுங்கையில்தான் போய்வர வேண்டும், கிணறு பங்குக் கிணறு, கூரை தகரம், வாகனம் விட இடமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்து இணையுங்கள். பின்வீட்டுக்கு இந்தக் குறைகள் இயல்பாகவே இருக்கும். மதிப்பிட வருபவருக்கு அவை தானாகத் தெரியும் என்று இருக்க வேண்டாம்.

கட்டும் முறையில் ஒரு சிறு ஆதாயம். முழு வருட வரியையும் ஜனவரி 31 க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டு வரியை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். இரண்டு இலக்கமானால் இரண்டு பற்றுச்சீட்டு. ஒன்றைக் கட்டி மற்றதை மறந்தால் வாரண்ட் செலவும் சேர்ந்து வரும். பிரதேச சபைப் பக்கமானால் அபிவிருத்தி அடைந்த பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில்தான் இந்த வரி. தோட்டவெளிப் பக்கம் நிலைமை வேறு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சோலைவரி கட்டிய துண்டு அனுமதிக்குச் சாட்சியல்ல. அனுமதியில்லாக் கட்டடத்துக்கும் சபை வரி அறவிடும். "வரி எடுக்கினம் தானே, அப்ப சட்டப்படிதானே" என்று பொதியில் படப் பகுதியை வெட்டிவிட்டு இலக்கத்தை மட்டும் வாங்குவோர் பிறகு விற்கப் போகும்போது அகப்படுகிறார்கள்.

மின்சாரக் கட்டணம் வரியல்ல, ஆனால் இலக்கத்தின் பயன் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை. மாதம் 60 அலகைத் தாண்டினால் வேறு அட்டவணை. இரண்டு குடும்பம் ஒரே மீற்றரில் ஓடினால் இருவரும் மேல் படியில் நிற்பார்கள். தனி மீற்றர் கேட்டுப் போனால் அந்தத் தனிச் சோலைவரி இலக்கம் கைகொடுக்கும்.

வரித் தாள் என்று பொதியோடு ஒரு தாள் தருகிறார்கள். இதற்குத்தான் புள்ளி கொடுக்க மனமில்லை. அதில் இருப்பது அரைகுறை. இருக்க வேண்டியது இல்லை.

வாடகை வருமானத்தை எடுங்கள். மாதம் 40,000 ரூபா என்றால் வருடத்துக்கு 480,000. திருத்தம், பராமரிப்பு, தேய்மானம் எல்லாவற்றுக்குமாகத் தனியாள் ஒருவர் மொத்த வாடகையில் 25 வீதத்தைக் கழிக்கலாம். பில் காட்டத் தேவையில்லை, ஆனால் உண்மைச் செலவை மறுபடி கழிக்கவும் முடியாது. மிச்சம் 360,000. தனிநபர் நிவாரணம், அதாவது வரியில்லாமல் விடும் தொகை, 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம். வேறு வருமானம் இல்லாத அம்மா ஒருவருடைய பெயரில் இந்த வாடகை வந்தால் வரி பூச்சியம். மாதம் 250,000 சம்பளம் எடுக்கும் மகனின் பெயரில் வந்தால்? அவருடைய வருடச் சம்பளம் 30 இலட்சம். நிவாரணம் போக 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதமும் அடுத்த 2 இலட்சத்துக்கு 18 வீதமும் சம்பளத்திலேயே போய்விடுகிறது. வாடகை அதன் மேல் ஏறி நிற்கும்: 300,000 க்கு 18 வீதம் 54,000, மீதி 60,000 க்கு 24 வீதம் 14,400. மொத்தம் 68,400 ரூபா. அதே கராஜ், அதே வாடகைக்காரர்.

ஆகவே வாடகை யாருடைய வருமானம் என்பதே முதல் கேள்வி. அதை விருப்பப்படி மாற்றி எழுத முடியாது. உறுதி சொல்வதுதான் விடை. எங்கள் சீதன உறுதிகளில் தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து வைத்து எழுதுவது சாதாரணம். அப்படியானால் வளவு பிள்ளையுடையதாக இருந்தாலும் அவர்கள் உள்ள வரை வாடகை அவர்களுக்கு உரியது. பொதி விற்பவர் உறுதியின் முதல் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போகிறார். சீவிய உரித்து எழுதியிருப்பது கடைசிப் பக்கத்துப் பந்தியில். முழு உறுதியையும் வாங்கிப் படிக்காதவர் தரும் வரி ஆலோசனை வெறும் பேச்சு.

வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். வருமானத்தைக் காட்டும் விபரத்திரட்டு நவம்பர் 30 க்குள். சம்பளத்தில் வரி வெட்டுகிறார்கள் தானே என்று வாடகையைக் காட்டாமல் விடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. வரி செலுத்துநர் இலக்கம், அதாவது ரின், இல்லாதவர் முதலில் அதை எடுக்க வேண்டும். கட்டட வரைபட அனுமதியும் ரின் கேட்கும் அலுவல்களின் பட்டியலில் இருக்கிறது. பாங்கோ கம்பனியோ வாடகைக்கு எடுத்து மாதம் 100,000 க்கு மேல் கொடுத்தால் 10 வீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அந்தச் சான்றிதழை வாங்கி வைத்தால் விபரத்திரட்டில் கழிக்கலாம். இருக்கும் வீட்டுக்கே கற்பனை வாடகை போட்டு வரி எடுக்கப் போகிறார்கள் என்று 2024 இல் பேச்சு அடிபட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. சில தாள்களில் இன்னும் அதை எழுதி ஆட்களை வெருட்டுகிறார்கள்.

இனித்தான் பெரிய தொகை. விற்கும்போது வரும் மூலதன இலாப வரி, தனியாளுக்கு 2025 ஏப்ரலில் இருந்து 15 வீதம், முன்பு 10. சொந்தமாக இருந்த வீட்டுக்கு விலக்கு உண்டு: விற்க முன் மூன்று வருடம் தொடர்ந்து உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும், அதில் இரண்டு வருடமாவது நீங்கள் அதிலே முதன்மை வதிவிடமாகக் குடியிருந்திருக்க வேண்டும். "சொந்த வீடு, வரியில்லை" என்று தாள் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. நீங்கள் இருந்தது முன்வீட்டில். வாடகைக்குக் கொடுத்த பின்வீடு நீங்கள் குடியிருந்த வீடு ஆகாது. கராஜாகவே விட்டிருந்தால் அது வீட்டின் ஒரு பகுதி. தனி வீடாக்கி, தனி இலக்கம் எடுத்து, வாடகைக்கும் கொடுத்த பிறகு அந்தப் பங்கை விலக்குக்குள் அடக்கப் பார்ப்பது வீண்வேலை.

எண்ணில் பார்ப்போம். வளவை 3 கோடிக்கு விற்கிறீர்கள். பெறுமதியில் பின்வீட்டின் பங்கு காற்பங்கு, 75 இலட்சம். 2017 செப்ரெம்பர் 30 க்கு முன்னரே கையில் இருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே கிரயமாகக் கொள்ளப்படும். அன்று முழு வளவும் 1 கோடி 50 இலட்சம் என்றால் காற்பங்கு 37 இலட்சத்து 50 ஆயிரம். கராஜை வீடாக்க 25 இலட்சம் செலவழித்தீர்கள். அதைக் கிரயத்தோடு கூட்டலாம், பில் இருந்தால். அப்படியானால் இலாபம் 12 இலட்சத்து 50 ஆயிரம், வரி 187,500. பில் இல்லையென்றால் இலாபம் 37 இலட்சத்து 50 ஆயிரம், வரி 562,500. மூன்றே முக்கால் இலட்சம் ரூபா ஒரு கட்டு பில் துண்டில் தங்கியிருக்கிறது.

மேசன் கூலி கையில் கொடுத்து முடிவதால் இந்தக் கட்டு ஊரில் யாரிடமும் முழுதாக இருப்பதில்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஹாட்வெயார் கடையில் துண்டு எழுதும்போது உங்கள் பெயரையும் வளவின் விலாசத்தையும் எழுதச் சொல்லுங்கள், வெறும் "காசு" என்று எழுதிய துண்டு உதவாது. கூலியை வாரத்துக்கு ஒருமுறை பாங்கால் அனுப்புங்கள், அல்லது மேசனின் அடையாள அட்டை இலக்கத்தோடு கையெழுத்து வாங்குங்கள். படக் கூலி, சபைக் கட்டணம், பொதிக்குக் கொடுத்த காசு, இவையும் கிரயத்தில் சேரத்தக்கவை. வெப்பத் தாளில் அச்சிட்ட துண்டுகள் இரண்டு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்துவிடுங்கள். 2017 பெறுமதிக்கு ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும்; கராஜ் கராஜாக நிற்கும்போதே அதன் படங்களை எடுத்து வைத்தால் அவருக்கு வேலை இலகு. விற்றால் விபரத்திரட்டும் வரியும் ஒரு மாதத்துக்குள். நவம்பர் வரை காத்திருக்கும் விசயம் அல்ல.

வற், அதாவது பெறுமதி சேர் வரி, பற்றிச் சுருக்கமாக. லண்டனில் இருந்து காசு அனுப்பும் அண்ணன்மார் "இதுக்கு 5 வீத வற் தானே" என்று கேட்பார்கள். அது அங்கத்தைய சட்டம். வீடுகளின் எண்ணிக்கையை மாற்றும் கட்டட வேலைக்கு 20 க்குப் பதில் 5 வீதம்; தனியாக விற்கவோ பாவிக்கவோ கூடாது என்று திட்ட அனுமதியில் நிபந்தனை இருந்தால் அதுவும் போய்விடும். இங்கே அப்படி ஒரு சலுகை கிடையாது. 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். பதிவு செய்த கொந்தராத்துக்காரர் முழு பில்லிலும் அதைப் போடுவார். ஊர் மேசன் போடமாட்டார், ஆனால் சீமெந்திலும் கம்பியிலும் தரையோட்டிலும் அது ஏற்கெனவே ஏறித்தான் வருகிறது. குடியிருப்பு வாடகைக்கு வற் இல்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் நாள் வாடகைக்கு விடும் எண்ணமென்றால் அது தங்குமிடத் தொழில், அனுமதியும் சோலைவரி வகையும் வேறு.

பின்வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதானால் முதலில் நிலத்தைப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். குறைந்தபட்சத் துண்டு 150 சதுர மீற்றர், அதாவது 6 பேர்ச். ஒரு பரப்பு 10 பேர்ச், இரண்டாக்க முடியாது. இரண்டு பரப்பென்றால் அளவு காணும், பின் துண்டுக்குப் பாதை விட வேண்டும். பிரிக்க முடியாமல் பங்காக எழுதினால் பிறகு ஒருவர் வெளியாருக்கு விற்கும்போது எங்கள் வழக்குச் சட்டமான தேசவழமையின் முன்கொள்வனவு உரிமை, அதாவது மற்றப் பங்காளி முதலில் வாங்கும் உரிமை, குறுக்கே நிற்கும். முத்திரைத் தீர்வை நன்கொடைக்கு முதல் 50,000 க்கு 3 வீதம், மேலே 2 வீதம். விற்பனை உறுதிக்கு முதல் 100,000 க்கு 3, மேலே 4. எழுபத்தைந்து இலட்சத்துக்கு நன்கொடை 150,500, விற்பனை 299,000. கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கை உறுதியில் எழுதுவதற்கு நொத்தாரிசுக்கு நினைவூட்டுங்கள், பொதியில் அந்த வரி வராது.

பொதியை வாங்கலாமா என்றால், படம், அனுமதி, இணக்கச் சான்றிதழ், உப இலக்கம் இவற்றுக்காக வாங்கலாம். வரித் தாளுக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். அந்தக் காசுக்கு ஒரு கணக்காளரோடு முழு உறுதியையும் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருப்பது மேல். கட்டணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: படம் கையில் கிடைத்ததும் ஒன்று, அனுமதிக் கடிதம் வந்ததும் ஒன்று. கடைசிப் பங்கு இணக்கச் சான்றிதழின் மூலப்பிரதியும், முன்வீட்டின் ஆண்டுப் பெறுமதியைக் குறைக்கக் கேட்ட கடிதத்தில் சபை முத்திரை குத்திய பிரதியும் மேசையில் வைத்த பிறகு.